பதினெட்டு கிராம் பொய்

கடையில் சொன்னார்கள், பதினெட்டு கிராம் போதும் என்று.
ஈயத்தில் வார்த்த விரல் நீள மீன்.
முதுகு செம்பு, வயிறு வெள்ளி,
கண்ணை மட்டும் யாரோ அவசரத்தில் ஒட்டியிருந்தார்கள்.

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்க வேண்டுமாம்.
என்னுடைய சின்ன மீனே பொய்.

லாங்கெலாண் தீவு. ஏப்ரல். தண்ணீர் ஏழு டிகிரி.
படகுத்துறையின் சீட்டுக் கூண்டைப் பூட்டிவிட்டு
மார்பு வரை ரப்பர் உடை மாட்டிக்கொண்டு
கடலுக்குள் இறங்குகிறேன்,
நாற்பத்தாறு வயதில், ஒன்றும் தெரியாமல்.

முதல் வீச்சு எனக்குப் பின்னால் விழுந்தது.
இரண்டாவது நேரே வானத்துக்குப் போய்
என் தொப்பிக்குப் பக்கத்தில் திரும்பி வந்தது.
மூன்றாவதில் நூல் அறுந்து
மீன் மட்டும் பறந்தது.
நன்றாகவே பறந்தது.
அன்று நான் வீசியதில் அதுதான் அதிக தூரம்.
அறுபத்தைந்து குரோனர்.

இரவு, நாற்காலிக் காலில் நூலைக் கட்டி
முடிச்சு பழகினேன்.
எச்சில் தொட்டுத்தான் இறுக்க வேண்டும்.
உலர்ந்த முடிச்சு
தன் சூட்டில் தானே வெந்துவிடும்.
இதைத் தெரிந்துகொள்ள
எனக்கு நான்கு மீன் செலவானது.

இந்தக் கரையில் சிறுத்தைத் தரை என்றொரு சொல் உண்டு.
மணல் மஞ்சளுக்குள் பாசிக் கறுப்பு, புள்ளி புள்ளியாக.
புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில்தான்
கடல் ட்ரவுட் நடமாடும்.
வீசு. மூன்று எண்ணு. சுற்று.
நிறுத்து.
நிறுத்தும்போதுதான் கடிக்குமாம்.
ஓடுகிறதை விட்டுவிட்டு
தயங்குகிறதை நம்புகிற மீன்.

இரண்டு பாறை தள்ளி தோர்கில் நின்றிருந்தார்.
அவர் கோலில் விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
என் உயிர்வேலியைக் கேட்காமல் ஒரு மீட்டர் வெட்டிய
பக்கத்து வீட்டுக்காரர்.
இரண்டு வருடமாக எங்களுக்குள் பொதுவாக இருந்தது
குப்பை வண்டி வரும் கிழமை மட்டும்.
அவர் ரீலில் நூல் குருவிக்கூடாகிக் கிடந்தது.
பார்த்தேன். பார்க்காதது போல வீசினேன்.
என் மீன் பாசியில் சிக்கியது.
அவரும் பார்க்காதது போலத்தான் நின்றார்.

மூன்று நாள் கிழக்குக் காற்று.
கடல் ஒரு முழம் பின்வாங்கியது.

சனிக்கிழமை, என் தபால் பெட்டியில் ஒரு காகித உறை.
உள்ளே இரண்டு மீன்கள்,
முட்கள் குத்தாமலிருக்க ஒயின் தக்கையில் செருகி.
ஒன்று என் செம்பு முதுகு.
துருப்பிடித்த முள்ளை எடுத்துவிட்டுப்
புதிது மாட்டியிருந்தார்.
துண்டுச் சீட்டில்:
“தண்ணீர் இறங்கியிருந்தது.
உங்கள் பாறையில் மூன்று கிடைத்தன.
ஒன்று என்னுடையது.”

அவருடையது எப்படி என் பாறைக்கு வந்தது என்று
நான் கேட்கவில்லை.

மே மாதம். கடுகு வயல் மஞ்சளானதும்
ஊசிமூக்கு மீன் வந்துவிடும் என்பார்கள்; வந்தது.
எலும்பு மூக்கில் முள் தைக்காது.
பத்துக் கடி, பத்து வெறுங்கை.
பதினொன்றாவது தண்ணீருக்கு மேல் எழுந்து
நெளிந்து, என்னைப் பார்த்து, மாட்டிக்கொண்டது.
கை நடுங்கியது. யாரிடம் சொல்வது?
இரண்டு பாறை தள்ளி அன்று யாருமில்லை.

வெண்ணெயில் பொரித்தேன்.
அதன் எலும்பு பச்சை,
புதுப் புல்லின் பச்சை.
பாதியைத் தட்டில் வைத்து வேலிக்கு மேலே நீட்டினேன்.
வெட்டிய இடம்.
அதனால் கை எட்டியது.

“எத்தனையாவது வீச்சு?” என்றார்.
“முந்நூற்றுப் பன்னிரண்டு.”
தலையசைத்தார், தன் கணக்கைச் சொல்லாமல்.
பிறகு தட்டைப் பார்த்தே சொன்னார்:
“நாளைக்கு மேற்குக் காற்று.”

எனக்குச் சொன்னதா, மீனுக்கா, தெரியவில்லை.
இரவு உட்கார்ந்து
மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டினேன்,
இரண்டு மீன்களுக்கு.